ரோசரி தைத்த கொடி எந்தத் தீவுக்கு?

ஸ்ரீரங்கம்
13.10.1957, ஞாயிறு

சேசு மரி சூசை

மாப்பிள்ளை அடைக்கலராஜுக்கு அற்புதசாமி சொல்லி எழுதுவது.

நமக்குள் பேச்சு நின்று ஒரு வருஷமும் ஐந்து மாசமும் ஆகிறது. முதலில் எழுதுகிறவன் தோற்றவன் என்று நீங்களும் நினைத்திருப்பீர்கள், நானும் நினைத்தேன். சரி, நானே தோற்றதாக இருக்கட்டும்.

எனக்கு எழுத்து தெரியாது, எண் மட்டும்தான் தெரியும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். இதை எழுதுகிறவர் ரெங்கராஜ். ஜங்ஷனில் நான் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த காலத்தில் அங்கே தந்தி பார்த்தவர். ரிட்டையராகி ஸ்ரீரங்கத்தில் வடக்கு உத்திர வீதியில் இருக்கிறார். எடமலைப்பட்டி புதூரில் காலைப் பூசை முடித்து, இரண்டு பஸ் மாறி வந்து அவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பழக்கத்தில் மேலே 'ஸ்ரீ' போட்டுவிட்டார். "ஐயா, மாப்பிள்ளை வேதக்காரர், மச்சான் மதம் மாறிட்டான்னு நெனச்சுக்குவார்" என்றேன். அடித்துவிட்டு நம்முடையதைப் போட்டார். அடித்த மை தெரிந்தால் கோபிக்க வேண்டாம்.

விஷயம் இதுதான். போன வாரம் பெய்த மழையில் கூரை ஒழுகியது. தங்கச்சி ரோசரி கொண்டுவந்திருந்த டிரங்குப் பெட்டியை நகர்த்தப் போய்த் திறந்தேன். அவள் செத்த பிறகு அதை நான் திறக்கவில்லை. அடியில் தலையணை உறைக்குள் ஒரு கொடி. 1954இல், சரக்கோடு இரண்டு கரைக்கும் போய்வருகிற நிஜாமுதீன் பாய் கையில் நான் கொடுத்தனுப்பினேனே, அந்த வெள்ளைப் பட்டு. அதில் அந்தோனியாரைத் தைத்திருக்கிறாள். கையில் குழந்தையேசு. அந்தக் குழந்தையின் கால் விரல் நகம்கூடத் தெரிகிறது, மாப்பிள்ளை. என் தங்கச்சி கையா இது என்று விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மூன்று லீலிப் பூ. இரண்டு முடிந்திருக்கிறது. மூன்றாவது பென்சில் கோட்டோடு நிற்கிறது. ஊசி அதிலேயே குத்தியிருக்கிறது, துருப்பிடித்து.

இது எதற்கான கொடி என்று நமக்குத் தெரியும். 1946இல் நீங்கள் பாலைதீவு அந்தோனியார் திருநாளுக்குக் கூடாரச் சீலை கொண்டுபோன தோணி பாய்மரம் முறிந்து, மூன்று நாள் கடலில் கிடந்து, கச்சத்தீவில் ஒதுங்கியது. 'என் புருஷன் உயிரோடு வந்தால் என் கையால் கொடி தைத்து ஏற்றுகிறேன்' என்று பொருத்தனை செய்தவள் அவள். அதை முடிக்காமல் போய்விட்டாள். நாம் முடிக்க வேண்டும்.

ஆனால் எந்தத் தீவில்? நீங்கள் போகப் புறப்பட்டது ஒரு தீவு, போய்ச் சேர்ந்தது இன்னொரு தீவு. இரண்டிலும் அந்தோனியார் கோயில்தான். இரண்டிலும் தவக்காலத்தில்தான் திருநாள். இரண்டிலும் குடியிருக்க ஆளில்லை. ரெங்கராஜ் கேட்கிறார், "ரெண்டு ஆத்துக்கு நடுவுல நாமளே தீவுலதானய்யா இருக்கோம், இன்னும் எங்கே தீவு தேடிப் போறீங்க?" என்று.

என் முடிவு கச்சத்தீவு. ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அவளே என்னிடம் அப்படித்தான் சொன்னாள். என் ஞாபகம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராமேசுவரத்திலிருந்து தோணியில் நாலைந்து மணி நேரம். இந்தப் பக்கத்து ஜனமும் அந்தப் பக்கத்து ஜனமும் காகிதம் எதுவும் இல்லாமல் கூடுகிற இடம். நீங்களும் வரலாம், நானும் வரலாம்.

அடக்கத்துக்கு வராதவர் இதற்காவது வருவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

அற்புதசாமி


குருநகர், யாழ்ப்பாணம்
9.11.1957

மச்சான் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. கடைசி வரியைத் தவிர மற்றதை நாலு முறை படித்தேன். கடைசி வரியை ஒரே முறைதான் படித்தேன். அதுவே போதும்.

உங்கள் ஞாபகம் பெரியதுதான். இருபது வருஷத்துக்கு முன்னால் எந்த வண்டி எத்தனை நிமிஷம் லேட் என்று சொல்வீர்கள். தங்கச்சியின் முகத்தைப் பார்க்கப் புருஷன் ஒருத்தன் வந்துகொண்டிருக்கிறான் என்பது மட்டும் மறந்துவிட்டது. தந்தி கையில் கிடைத்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம். சனிக்கிழமை விடிய நான் தலைமன்னாரில் கப்பல் ஏறுகிற பாலத்தில் நின்றேன். காகிதம் சரியில்லை, போனால் திரும்ப விடமாட்டோம் என்று நிறுத்திவிட்டார்கள். "திரும்ப வேண்டாம், போக விடுங்கள்" என்றேன். அதற்கும் ஒரு காகிதம் வேண்டுமாம். திங்கள்கிழமைவரை அங்கேயே கிடந்தேன். கப்பல் போவதையும் வருவதையும் பார்த்தேன். திங்களன்று உங்கள் இரண்டாவது தந்தியைக் குருநகரிலிருந்து ஒருத்தர் கொண்டுவந்து தந்தார், ஞாயிறே அடக்கம் முடிந்ததென்று. ஒரு பிடி மண்ணுக்குக் கூட நான் காத்திருக்கத் தகாதவனா?

கொடியைப் பற்றி. அது பாலைதீவுக்குரியது. நான் கடலில் கிடந்த மூன்று நாளும் அவள் இந்தக் குருநகர்க் கரையில் பாலைதீவு இருக்கிற திசையைப் பார்த்து முழங்காலில் இருந்தாளென்று ஊரே சொல்கிறது. வள்ளம் வைத்திருக்கிற சம்மாட்டிமார் பெண்சாதிகள் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தபோது, "அவர் வரட்டும், சேர்ந்து குடிக்கிறேன்" என்றாளாம். திருச்சியிலிருந்து வந்த பெண், கடலைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்கிறவள். அவளிடமிருந்துதான் இந்த ஊர்ப் பெண்கள் பொறுமை படித்தார்கள் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

அந்தத் தீவையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். கடல் அங்கே குளம் மாதிரி. இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு மைல் நடக்கலாம், அடியில் நண்டு ஓடுவது தெரியும். புதர் மண்டிய பற்றைக் காடு, வெள்ளை மணல், நடுவில் கோயில். கச்சத்தீவு அப்படியல்ல. அங்கே கடல் உறுமும். எனக்கு அந்தத் தீவு வேண்டாம்.

நீங்கள் வந்து சிரமப்பட வேண்டியதில்லை. கொடியை நிஜாமுதீன் பாயிடம் கொடுத்தனுப்புங்கள், நான் ஏற்றிவிடுகிறேன். ஊருக்கு நான்தான் டெய்லர், ஆனால் என் வேலையை அவள் பார்த்து, "இந்த மடிப்பை மறுபடி பிரிங்க" என்பாள். நான் பிரிப்பேன். அந்தக் கையின் கடைசி வேலையை நான் பார்க்க வேண்டும்.

அடைக்கலராஜ்


ஸ்ரீரங்கம்
15.12.1957, ஞாயிறு

சேசு மரி சூசை

மாப்பிள்ளைக்கு,

இம்முறை ரெங்கராஜ் அடிக்காமல் சரியாகவே போட்டுவிட்டார். உங்கள் கடிதத்தை அவர்தான் படித்துக் காட்டினார். 'ஒரு பிடி மண்' என்ற இடத்தில் நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஐயா, படிக்கிறதைப் படிங்க" என்றேன். படித்து முடித்தபின் சொன்னார்: "அற்புதசாமி, நீங்க அந்த மனுஷர்கிட்ட அன்னைக்கு நடந்ததைச் சொல்லவே இல்லையா?" "சொல்லல" என்றேன். "ஏன்?" என்றார். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. கோபத்தில் இருக்கிற மனுஷன் தன் பக்கத்து நியாயத்தையும் ஒளித்து வைத்துக்கொள்கிறான். அதை எடுத்துக் கொடுத்துவிட்டால் கோபம் போய்விடும் அல்லவா?

இப்போது சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலம் உயிர் பிரிந்தது. தந்தி அடித்தவர் இந்த ரெங்கராஜ்தான். ஜங்ஷனுக்குப் போய், மீன் பார்சலுக்கு வருகிற ஐஸ் கட்டியைக் கெஞ்சி வாங்கி வந்து அவளைச் சுற்றி அடுக்கினேன். வைகாசி வெயில். நீங்கள் வரும்வரை ரோசரி பொறுத்துக்கொள்ளட்டும் என்று. வெள்ளிக்கிழமை, கப்பலில் வந்தவர்களை ஏற்றி வருகிற போட் மெயிலுக்குப் போய் நின்றேன். வரமாட்டீர்கள் என்று கணக்குத் தெரியும், ஆனாலும் நின்றேன். சனிக்கிழமையும் போனேன். தனுஷ்கோடி வண்டி உள்ளே வருவதற்கு எத்தனை நூறு முறை நான் தண்டவாளம் மாற்றிப் பாயிண்ட் தள்ளியிருக்கிறேன்! அன்றைக்குத்தான் அந்த வண்டியில் யாராவது எனக்கென்று வருவார்களா என்று பார்த்தேன். எஞ்சினிலிருந்து கார்டு வண்டிவரை இரண்டு முறை நடந்தேன். துணி மூட்டையோடு உங்கள் சாடையில் ஒருத்தர் இறங்கினார். "மாப்பிள்ளை!" என்று கத்திவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்து, "யாருங்க நீங்க?" என்றார்.

வீட்டுக்கு வந்தால் பங்குச் சாமியார் காத்திருக்கிறார். "அற்புதசாமி, இனிமே வெச்சிருக்கக் கூடாதுப்பா" என்றார். ஞாயிறு காலையில் எடுத்தோம்.

நீங்கள் பாலத்தில் நின்ற அதே சனிக்கிழமைதான் நான் பிளாட்பாரத்தில் நின்றேன். இது எனக்கு உங்கள் கடிதம் வந்த பிறகுதான் தெரியும். ரெங்கராஜ் சொன்னார், "ரெண்டு பேரும் ஒரே வண்டிக்குத்தான் நின்னிருக்கீங்க" என்று.

கொடியை அனுப்ப மாட்டேன். பாஸ்போர்ட்டுக்கு விசாரித்தேன். பிறந்த அத்தாட்சி, படம், கைரேகை, போலீஸ் விசாரணை, எல்லாம் முடிய ஆறு மாசமோ எட்டு மாசமோ என்கிறார்கள். எனக்கு வயது அறுபத்தெட்டு. பஸ் ஏறுகிறபோதே மூச்சு இரைக்கிறது. எனக்கு இன்னும் ஒரு தீவுக்குத்தான் காலில் தெம்பிருக்கிறது. அது கச்சத்தீவு. அவள் சொன்னதும் அதுதான்.

'வேண்டாம்' என்று ஏன் எழுதினீர்கள்? உயிரைக் காத்த தீவை வேண்டாம் என்கிறவரை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

அற்புதசாமி


குருநகர்
6.1.1958

அன்புள்ள மச்சான்,

மூன்று ராசாக்கள் திருநாளன்று இதை எழுதுகிறேன். உங்கள் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. தையல் மெஷினில் உட்கார முடியவில்லை. ஐஸ் கட்டி அடுக்கினீர்களே, அதுவே கண்ணில் நிற்கிறது. இவ்வளவு நாள் உங்களை என்னவெல்லாம் நினைத்தேன்! அதை எழுதினால் நீங்கள் என்னை மன்னிப்பது கஷ்டமாகிவிடும், விட்டுவிடுகிறேன். பிளாட்பாரத்தில் அந்த மனிதர் "யாருங்க நீங்க" என்று கேட்டாரே, அவருக்கும் சேர்த்து நானே பதில் சொல்கிறேன்: நீங்கள் என் மச்சான்.

கச்சத்தீவு ஏன் வேண்டாம் என்று கேட்டீர்கள். நீங்கள் ஒளித்து வைத்ததைக் கொடுத்துவிட்டீர்கள், நானும் கொடுக்கிறேன். ரோசரிக்கும் தெரியாதது இது.

1946இல் நாங்கள் கச்சத்தீவில் ஒதுங்கியபோது நாலு பேர். ஒருவருக்கும் நாக்கில் ஈரமில்லை. தீவில் நல்ல தண்ணீர் கிடையாது. கோயில் கதவு சாத்தியிருந்தது. பின்பக்கம் பாறைக் குழியில் பழைய மழைத் தண்ணீர் கையால் அள்ள இரண்டு சிரங்கை கிடந்தது. மற்ற மூவரும் மீன்பிடிக்கிறவர்கள். "தையல்கார அண்ணை, நீங்கள் முதல் குடியுங்கோ, எங்களுக்குக் கடல் பழக்கம்" என்றார்கள். அப்படிப்பட்ட மனிதர்களை நான் பிறகு கண்டதில்லை. குடித்துவிட்டுக் கதவில் தலையை வைத்து நானும் ஒரு பொருத்தனை செய்தேன்: 'என்னைக் கரை சேர்த்தால், ரோசரியை அவள் ஊருக்கே கூட்டிக்கொண்டு போகிறேன்.' அவள் இந்த ஊரில் நிலாக்கூட வேறு மாதிரி தெரிகிறது என்பாள். மலைக்கோட்டை தெரியாத இடம் என்ன இடம் என்பாள்.

கரை சேர்ந்தேன். கடையை விடத் துணியவில்லை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று பத்து வருஷம். கடைசியில் நோயாளியாகத்தான் போனாள், அதுவும் தனியாக. அந்தக் கோயில் வாசலில் போய் நான் எப்படி நிற்பேன்? அதனால்தான் பாலைதீவு, பாலைதீவு என்றேன்.

ஆனால் ஆஸ்பத்திரியில் அவளே கச்சத்தீவு என்று சொன்னதாக நீங்கள் இரண்டு முறை எழுதிவிட்டீர்கள். உங்கள் ஞாபகம் தவறாது. அப்படியானால் நான் சொல்லாததும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தூக்கத்தில் உளறியிருப்பேன். 'அந்த வாசலில்தான் உனக்குக் கணக்கு இருக்கிறது, அங்கேயே போ' என்று என்னைத் திருப்பியிருக்கிறாள். மனதில் அவ்வளவு வைத்துக்கொண்டு பத்து வருஷம் சிரித்துக்கொண்டு சோறு போட்டாளா?

நீங்கள் சொன்ன தீவுக்கே வருகிறேன்.

அடைக்கலராஜ்


ஸ்ரீரங்கம்
2.2.1958, ஞாயிறு

சேசு மரி சூசை

மாப்பிள்ளை,

உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது 'உங்கள் ஞாபகம் தவறாது' என்ற இடத்தில் நான் எழுந்துவிட்டேன். ரெங்கராஜ், "என்னய்யா, நீங்க கேட்டதுதான் கிடைச்சிருச்சே?" என்றார். "கிடைச்சிருச்சுங்க, அதான்" என்றேன். இரண்டு ஞாயிறு ஸ்ரீரங்கம் பக்கமே வரவில்லை. இன்றைக்கு மெழுகுவர்த்தித் திருநாள். இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும்.

ரோசரி கச்சத்தீவு என்று சொல்லவில்லை.

அவள் சொன்னது இதுதான். புதன்கிழமை, நான் கஞ்சி ஊட்டும்போது. "அண்ணே, பெட்டியில ஒரு சாமான் இருக்கு. பாலைதீவு அந்தோனியாருக்கு. அவருகிட்ட குடுத்துடுங்க. மூணாவது பூவை அவரே தைக்கட்டும், ஆனா நெருக்கித் தைக்கச் சொல்லுங்க, அவருக்கு அவசரம் ஜாஸ்தி." இவ்வளவுதான். பிறகு கொஞ்சம் சிரித்தாள். உங்கள் பேரில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. மனதில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. இதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். உங்கள் பேரில் கோபத்தில் அந்தப் பெட்டியை இவ்வளவு நாள் திறக்காமல் வைத்திருந்தவன் நான்தான்.

எல்லோரும் என் ஞாபகத்தைப் புகழ்கிறார்கள். அந்தப் புகழை வைத்துக்கொண்டு நான் பொய் சொன்னேன். சொன்னால் நம்புவீர்கள் என்று தெரிந்தே சொன்னேன். எழுதுகிறவருக்கும் தெரியாது. இதைச் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஏன் சொன்னேன் என்றால், காகிதம் இல்லாமல் உங்கள் முகத்தைப் பார்க்க எனக்கு உலகத்தில் அந்த ஒரு இடம்தான் உண்டு. கொடிக்காக வராவிட்டாலும், அவள் சொன்னாள் என்றால் வருவீர்கள். உங்களைத் திட்ட வேண்டும் என்றுதான் முதலில் ஆசை. டிசம்பருக்குப் பிறகு சும்மா பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்றாகிவிட்டது. அவளைப் பற்றிப் பேச இந்த ஊரில் எனக்கு ஆளில்லை.

முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு வண்டியை நான் தப்பான பாதையில் விட்டதில்லை. ரிட்டையரான பிறகு விட்டுவிட்டேன். அதுவும் தங்கச்சி வண்டியை.

கொடி நாளை மறுநாள் நிஜாமுதீன் பாயோடு போட் மெயிலில் வருகிறது. உறைக்குள் மடித்து, ஊசியையும் எடுக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். கை குத்திக்கொள்ளாதீர்கள். பாலைதீவில் ஏற்றுங்கள். என் பெயரைச் சொல்ல வேண்டாம். கச்சத்தீவுக்கு நான் போகவில்லை. கொடியும் இல்லாமல் நீங்களும் இல்லாமல் எனக்கு அங்கே என்ன வேலை?

அற்புதசாமி


குருநகர்
5.3.1958

அன்புள்ள மச்சான்,

முதலில் உங்கள் பொய்யைப் பற்றி. படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன். மறுநாள் காலையில் மெஷினில் உட்கார்ந்தபோது, என்னைப் பார்க்க ஒருத்தர் அறுபத்தெட்டு வயதில் பாவம் செய்திருக்கிறார் என்று தோன்றியது. கோபம் வடிந்துவிட்டது. 'அவசரம் ஜாஸ்தி' என்ற இடத்தில் அவள் குரலே கேட்டது. அதைப் பொய்யாக ஒருவராலும் சொல்ல முடியாது.

நிஜாமுதீன் பாய் உறையைக் கையில் கொடுக்கும்போது, "வழியெல்லாம் மடியிலயே வெச்சிருந்தேன் தம்பி, சீட்டுல வைக்க மனசு வரல" என்றார்.

நேற்று செவ்வாய்க்கிழமை, அந்தோனியார் கிழமை. பாலைதீவுத் திருநாளுக்கு இன்னும் நாளிருக்கிறது, ஆனால் கோயில் மூப்பர் சம்மதித்தார். சம்மாட்டி தன் வள்ளத்தைத் தந்தார். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கடலில் இறங்கினேன். போகிற வழியில் காற்றே இல்லை. தண்ணீர் கண்ணாடி. கரைக்கு ஒரு மைல் இருக்கும்போதே இறங்கி, கொடியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். ஏற்றினோம். முதலில் தொங்கியது. எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். திடீரென்று ஒரு காற்று வந்து விரித்தது பாருங்கள்! நாற்பது வருஷம் கொடி பார்த்த மூப்பர் வாயில் கை வைத்து, "இது எந்த மடத்துக் கன்னியர் செய்த வேலை?" என்றார். "என் பெண்சாதி" என்றேன். அந்த ஒரு வார்த்தையை அந்தத் தீவில் சொல்லக் கிடைத்ததே, அதற்கு நான் உங்களுக்குக் கடமைப்பட்டவன்.

அவள் பொருத்தனை முடிந்தது. மூன்றாவது பூவை நான் இன்னும் தைக்கவில்லை.

சாயங்காலம் கொடியை இறக்கியபோது, "கோயிலிலேயே இருக்கட்டுமே" என்றார் மூப்பர். "ஐயா, அவள் கடன் தீர்ந்துவிட்டது, என் கடன் பாக்கி" என்று சொல்லி வாங்கி வந்துவிட்டேன்.

மச்சான், வருகிற பதினைந்து, பதினாறு கச்சத்தீவுத் திருநாள். நான் வருகிறேன். அவளை ஊருக்குக் கூட்டிப் போகிறேன் என்று அந்தக் கதவில் தலை வைத்துச் சொன்னவன் நான். என்னால் முடியாது, காகிதம் விடாது. நீங்கள் வந்து கொடியை வாங்கிக்கொள்ளுங்கள். ராமேசுவரத்திலிருந்து வருகிற தோணிகளை நான் கரையில் நின்று பார்ப்பேன். ஒவ்வொரு தோணியிலும் முதல் ஆளிலிருந்து கடைசி ஆள்வரை. தண்ணீர் கொண்டு வாருங்கள், அங்கே கிடையாது.

அடைக்கலராஜ்


ஸ்ரீரங்கம்
23.3.1958, ஞாயிறு

சேசு மரி சூசை

மாப்பிள்ளைக்கு,

ஊர் போய்ச் சேர்ந்ததும் கார்டு போடுங்கள் என்றீர்கள். கார்டில் அடங்காது என்று ரெங்கராஜ் முழுத் தாளாகவே எடுத்துவிட்டார். நேரில் பேசிய பிறகு எழுத என்ன இருக்கிறது? ஆனாலும் சிலது விட்டுப்போனது.

கடல் அவ்வளவு பெரியது என்று நீங்கள் யாரும் எனக்குச் சொல்லவே இல்லை. நான் பாயிண்ட் தள்ளி அனுப்பிய வண்டியெல்லாம் இதன் ஓரத்துக்கா போயிற்று! தோணியில் பக்கத்திலிருந்த அம்மாள், "பெரியவரே, கண்ணை மூடிக்குங்க, மயக்கம் வராது" என்றாள். மூட மனசில்லை. தீவு முதலில் ஒரு கோடு, பிறகு பச்சை, பிறகு ஜனம். அந்த ஜனத்தில் ஒருத்தர் மட்டும் ஒவ்வொரு தோணியையும் கைநீட்டி எண்ணிக்கொண்டு ஓடுவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். நான் கத்தவில்லை. இந்த முறை நீங்கள்தான் கத்தினீர்கள்.

பாறைக் குழியைக் காட்டினீர்களே, உங்களுக்கு முதலில் குடிக்கக் கொடுத்தவர்களை நினைத்துக்கொண்டேதான் வந்தேன். நான் கொண்டுவந்த காவேரித் தண்ணீரில் கொஞ்சம் அதில் ஊற்றினேன். நீங்கள் பார்க்கவில்லை, கதவில் தலை வைத்திருந்தீர்கள். எவ்வளவு நேரம் வைத்திருந்தீர்கள் என்று கேட்டால் சொல்வேன். கேட்காதீர்கள்.

மூன்றாவது பூவை என் கண் முன்னாலேயே கோயில் நிழலில் உட்கார்ந்து தைத்தீர்கள். அந்தத் துருப்பிடித்த ஊசியாலேயே. சொன்னால் வருத்தப்படக் கூடாது: நெருக்கித்தான் தைத்தீர்கள், ஆனாலும் அவள் பூ பூவாக இருக்கிறது, உங்களுடையது பொத்தானாக இருக்கிறது. ரெங்கராஜ் கையில் கொடுத்து, "எது மாப்பிள்ளை தச்சது சொல்லுங்க" என்றேன். பார்த்தவுடன் காட்டிவிட்டார். ஊரில் எல்லோரும் காட்டிவிடுகிறார்கள். அதுவும் நல்லதுதான். இல்லாவிட்டால் உங்களைப் பற்றி யார் கேட்பார்கள்?

ராமேசுவரத்திலிருந்து ஜங்ஷன்வரை நிஜாமுதீன் பாய் மாதிரியே மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இறங்கினேன். அந்தப் பிளாட்பாரத்தில், அன்றைக்கு நான் நின்ற இடத்தில், ரெங்கராஜ் நின்றுகொண்டிருந்தார். "உங்களை யாருங்க வரச் சொன்னது?" என்றேன். "வண்டிக்கு ஒருத்தர் வரணுமில்லய்யா" என்றார்.

வெளியே வந்தோம். மலைக்கோட்டை தெரிகிற இடத்தில் உறையிலிருந்து எடுத்து ஒரு கை அளவு விரித்துப் பிடித்தேன். ரெங்கராஜ் மற்ற முனையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்கு உங்களுக்கு அடித்த இரண்டு துக்கத் தந்திக்குப் பிறகு ஒரு நல்ல தந்தி பாக்கி என்று அவர் சொல்லுகிறார். ஆகையால் கடைசி வரியைத் தந்தி மாதிரியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

ரோசரி சுகமாய் வீடு வந்து சேர்ந்தாள்.

அற்புதசாமி